எங்காளு கொடுத்தால் உரிமை, உங்காளு கொடுத்தால் ஓசி

2022 செப்டம்பரில் ஓர் அரசு விழா மேடையில், அப்போது உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த க. பொன்முடி, பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்றார். 2021 மே மாதம் பதவியேற்றதும் அவருடைய அரசு முதலில் போட்ட கையெழுத்துகளில் ஒன்று அந்தப் பயணத்துக்கானது. சுவரொட்டியில் பெண் விடுதலை என்று அச்சடித்த அதே கட்சியின் மேடையில் அது ஓசியாகிவிட்டது. சில நாட்களில் கோவையில் ஒரு மூதாட்டி, எனக்கு ஓசி வேண்டாம், காசை வாங்கிக்கொண்டு சீட்டு கொடு என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற காணொளி பரவியது. அதிமுகவினர் அதைக் கொண்டாடினார்கள். அது அதிமுகவினர் நடத்திய நாடகம் என்றார்கள் திமுகவினர். விவகாரம் போலீஸ் வரை போனது.

கொண்டாடிய அதிமுக 2021 தேர்தல் அறிக்கையில் என்ன சொல்லியிருந்தது? நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 50 சதவீதக் கட்டணச் சலுகை, குடும்பத் தலைவிக்கு மாதம் 1500 ரூபாய், ஆண்டுக்கு 6 எரிவாயு சிலிண்டர், வாஷிங் மெஷின். முழுக் கட்டணத்தையும் எதிராளி தள்ளுபடி செய்தால் ஓசி, பாதியைத் தான் தள்ளுபடி செய்தால் தாயுள்ளம். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது?

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கும்பினிக் காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குக் கட்டணம் கிடையாது, அதற்குப் போட்ட முத்திரையின் எழுத்துகளிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று. கதை உண்மையானால் முதன்முதலில் ஓசியில் அனுபவித்தவர்கள் அதிகாரிகள். அந்தப் பெயர் மட்டும் அவர்களை விட்டு இறங்கி, கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்ணின் தலையில் உட்கார்ந்துகொண்டது.

அரசுப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து நம் மொழியில் அதன் பெயர் மாறுவதைக் கவனியுங்கள். தொழிலதிபருக்குப் போனால் ஊக்கத்தொகை. ஆலை தொடங்க நிலம் போனால் முதலீட்டு ஈர்ப்பு. பம்புசெட்டு மின்சாரம் மானியம். அதிகாரிக்குப் போவது படி. முன்னாள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஓய்வூதியமும் உண்டு, அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணமும் உண்டு. அந்தப் பயணத்தை எந்த அமைச்சரும் மேடையேறி ஓசி என்று சொன்னதில்லை. ஒரு பெண்ணின் கைக்கு வரும்போதுதான் அது இலவசம், பிச்சை, ஓட்டுக்கு லஞ்சம்.

இந்தப் பெயர் மாற்றத்தில் எந்தக் கட்சிக்கும் கை சுத்தம் இல்லை. 2006 தேர்தலில் திமுக வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னபோது கேலி செய்தவர்கள், 2011 தேர்தலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தார்கள். 2006இல் வறுமை ஒழிப்பு என்று வாதாடியவர்களுக்கு 2011இல் கஜானாக் கவலை வந்தது. தொலைக்காட்சியை எதிர்த்துத் தொடங்கிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் மிக்சியும் கிரைண்டரும் சேர்ந்துகொண்டன. 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்து, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. நீதிமன்றம் இரண்டு கட்சிகளின் பொருட்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது. கட்சிக்காரர்கள் இன்றுவரை அதைச் செய்யவில்லை.

டெல்லியும் விலக்கல்ல. 2018 பிப்ரவரி 24 அன்று பிரதமர் மோடி சென்னைக்கு வந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் ஸ்கூட்டர் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2022 ஜூலையில் அதே பிரதமர் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்துவைத்து, ‘ரேவடி’ மிட்டாய்க் கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்றார். அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேசத்தில் அவர் கட்சியின் அரசு பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி 1250 ஆக்கியது. 2024இல் மகாராஷ்டிரத்தில் 1500. 2025 செப்டம்பரில், பீகார் தேர்தல் நெருங்கிய வேளையில், 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலா 10,000 ரூபாய் போடும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் பிரதமரேதான். மிட்டாய் அதேதான், கடையின் பெயர்ப்பலகைதான் வேறு.

உண்மையான பெரிய மிட்டாய் வேறிடத்தில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று ஒன்றிய அரசு, நிறுவனங்களின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுப்போகும் என்று சொன்னது அரசேதான். தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஓராண்டு முழுக்கக் கொடுப்பதைப் போலப் பத்து மடங்கு, ஓர் அறிவிப்பில் நிறுவனங்களுக்குப் போனது. அதனால் நிறுவன முதலாளிகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று யாராவது கவலைப்பட்டார்களா?

கடன் பேச்சும் இதே லட்சணம்தான். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அதிமுக ஆட்சியைத் திட்டியவர்கள், 2025-26 நிதியாண்டின் முடிவில் கடன் 9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்று தங்கள் அரசே மதிப்பிட்டபோது, கடனை மாநிலப் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகப் பாடம் எடுத்தார்கள். பாடம் சரிதான். அதை 2021இல் எடுத்திருக்கலாமே. அன்று பொருளாதாரப் பாடம் சொன்ன அதிமுகவினரோ இன்று தலைக்கு எத்தனை ரூபாய் கடன் என்று வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். கால்குலேட்டர் ஒன்றுதான், ஆட்சி மாறும்போது கை மாறிக்கொள்கிறது.

இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். டாஸ்மாக்கைப் பாருங்கள். 2020 மே 7 அன்று, ஊரடங்கின் நடுவே மதுக்கடைகளைத் திறந்த அதிமுக அரசை எதிர்த்து ஸ்டாலின் கறுப்பு உடையில் தன் வீட்டு வாசலில் நின்றார். 2021 ஜூனில், ஊரடங்கின் நடுவே, அவர் தலைமையிலான அரசு கடைகளைத் திறந்தது. இந்த முறை பதாகை பிடித்து நின்றவர்கள் பாஜகவினர். மதுச் சில்லறை விற்பனையை 2003இல் அரசின் கையில் எடுத்தது ஜெயலலிதா ஆட்சி. அதை விட்டுவிட எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை. 2024-25இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது உரிமைத் தொகையாகப் பெண்ணின் கையில் வைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும், அவள் வீட்டு ஆணின் சட்டைப்பையிலிருந்து மூன்று ரூபாய்க்கு மேல் அரசு எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று ரூபாயோடு அடியும் உதையும் வீட்டுக்கு வருகின்றன. கட்சிக்காரர்கள் கறுப்புச் சட்டையை முறைவைத்து மாற்றிக்கொள்வதால் இந்தக் கேள்வி எப்போதும் யாரோ ஒரு எதிர்க்கட்சியின் கோஷமாகவே நின்றுவிடுகிறது, எந்த அரசின் வேலையாகவும் ஆவதில்லை.

நான் வசிக்கும் கொட்டிவாக்கத்தில் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி, பெருங்குடி மண்டலம். 2020இல் அதிமுக ஆட்சியில், எங்கள் மண்டலத்தையும் சேர்த்து ஏழு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனது. அன்று தொழிலாளர் பக்கம் பேசியது திமுக. பத்தாண்டு வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்களைப் பணிநிரந்தரம் செய்வோம் என்று தேர்தல் அறிக்கையிலும் எழுதியது. 2025இல் அதே திமுக ஆட்சியில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போயின. ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். 2020இல் வாய் திறக்காத அதிமுகவினர் 2025இல் கண்ணீர் விட்டார்கள். 2020இல் கண்ணீர் விட்டவர்கள் 2025இல் நிதிச்சுமை பற்றிப் பேசினார்கள். இரண்டு முறையும் வேலையை இழந்தவள் ஒரே பெண்.

எங்கள் குடியிருப்பு வாசலில் மாலையில் கூடும் பெரியவர்கள் மூன்று கட்சிக்காரர்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். ‘ஃப்ரீ பஸ் விட்டதிலிருந்து வேலைக்காரிகளுக்குத் திமிர் ஏறிவிட்டது’ என்பது அவர்களின் தீர்ப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து அடையாற்றுக்கு வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். ‘திமிர் இல்லம்மா, முன்னாடி பஸ் காசுக்குப் பயந்து பக்கத்துலயே கம்மி சம்பளத்துக்குக் கெடந்தேன். இப்போ நல்லா குடுக்குற வூட்டுக்குப் போறேன்’ என்றார். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இந்தப் பயணத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்கிறது. அந்த அக்கா சொன்னது அதைவிடப் பெரிய கணக்கு. குறைந்த கூலிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டிய அவசியம் போயிற்று. பெரியவர்களை உறுத்துவது அரசின் செலவு அல்ல, அவள் கிளம்பிப் போக முடிகிறது என்பதுதான்.

செலவு செய்யும் தலைவர் பெண்ணாக இருந்தால் தராசு இன்னும் சாய்கிறது. 2012இல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு 205 கோடி ரூபாய் செலவானது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. ஓய்வுக்காலத்துக்குப் புனேயில் ராணுவ நிலத்தில் வீடு என்றதும் எதிர்ப்பு எழுந்து, அவர் அதைக் கைவிட்டார். கேள்வி நியாயமானதுதான். அன்று அதைக் கேட்டவர்கள் இன்று பிரதமரின் பயணச் செலவைக் கேட்டால் தேசத்தின் பெருமை என்கிறார்கள், அன்று பதவியின் மாண்பு என்று மறைத்தவர்கள் இன்று விமானத்தின் விலையைக் கேட்கிறார்கள். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்த குற்றம். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கைப் பற்றித் தமிழ்நாடு பேசியதெல்லாம் சேலைகளின் எண்ணிக்கையும் செருப்புகளின் எண்ணிக்கையும். நிலங்களையும் நிறுவனங்களையும் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு ருசிக்கவில்லை. சொத்து சேர்த்த ஆண் தலைவர்களின் வேட்டிகளை யாரும் எண்ணியதில்லை.

அப்படியானால் எல்லா இலவசத்தையும் ஆதரிக்க வேண்டுமா? இல்லை. ஒரே தராசு வேண்டும், அதில் எல்லாரையும் நிறுக்க வேண்டும் என்கிறேன். பணம் பெண்ணின் சொந்தக் கணக்குக்கு வருகிறதா, கணவரின் தயவு வழியாக வருகிறதா? அது அவள் நடமாட்டத்தையும் பேரம் பேசும் வலிமையையும் கூட்டுகிறதா, அவளை வீட்டோடு கட்டுகிறதா? ஆட்சி மாறினாலும் நிலைக்குமா? அதற்கான காசு யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது?

இந்தத் தராசில் உரிமைத் தொகையும் முழுதாகத் தேறாது. பெயர் உரிமை, விதிகளோ ‘குடும்பத் தலைவி’க்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் மட்டும். மாமியார் வாங்கினால் மருமகளுக்கு இல்லை. வீட்டில் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடினால் இல்லை, அந்த மின்சாரத்துக்கு அவள் காரணமா இல்லையா என்ற கேள்விக்கு இடமில்லை. தாலிக்குத் தங்கம் தந்த அதிமுக திட்டம் திருமணத்தைப் பரிசாக்கியது. அதை மாற்றி, கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாயாக்கியது திமுக, 2022இல். இந்த மாற்றம் நல்லது. அதே திமுக ஸ்கூட்டர் மானியத்தை நிறுத்தியது நல்லதல்ல, வண்டி ஓட்டும் பெண் எந்தக் கட்சியின் பெயர் ஒட்டிய வண்டியில் போனாலும் அவளாகத்தான் போகிறாள். 2021 மே மாதம், தேர்தலில் வென்ற சூட்டில், முகப்பேரில் அம்மா உணவகத்தில் புகுந்து பலகைகளைப் பிய்த்துப்போட்டவர்களுக்கும் அது தெரியவில்லை. அந்த அடுப்படியில் நின்றவர்கள் ஜெயலலிதா அல்ல, சுயஉதவிக் குழுப் பெண்கள். நடவடிக்கை எடுக்கச் சொன்ன ஸ்டாலினுக்கு அது தெரிந்திருந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடியும். கொடுத்தவர் யார் என்று பார்க்காவிட்டால் போதும்.

கல்லூரியில் படிக்கும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது உங்களிடம் இலவசங்களால் நாடு கெட்டது என்று சொன்னால், எந்த ஆண்டில் இருந்து என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆண்டு, அவருக்குப் பிடிக்காத கட்சி ஆட்சிக்கு வந்த ஆண்டாக இருந்தால் வாதத்தை அங்கேயே முடித்துவிடலாம். அந்தப் பணம் எந்தத் தலைவரின் வீட்டிலிருந்தும் வரவில்லை. தீப்பெட்டியில் இருந்து சானிட்டரி நாப்கின் வரை நாம் கட்டிய வரி அது. 2018 ஜூலையில் நீக்கும்வரை, மாதவிடாய்க்கும் 12 சதவீத ஜிஎஸ்டி கட்டியவர்கள் நாம். கட்டிய காசில் ஒரு பங்கு திரும்பி வரும்போது கும்பிடவும் வேண்டாம், கூசவும் வேண்டாம். கணக்கு மட்டும் கேட்போம், எல்லாரிடமும், ஒரே குரலில்.