சட்ட உதவி ஏட்டிலே. தோட்டத் தொழிலாளி நடுரோட்டிலே!

ஆயர் குரோவில் மலாக்கா நீதிமன்றக் கட்டடம் ஓங்கி நிற்கிறது. ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லோருக்கும் அதன் கதவு திறந்திருக்கிறது என்கிறார்கள். நல்லது! ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பொழுது விடியுமுன் மரம் வெட்டப் போகிறானே, அந்தத் தொழிலாளிக்கும் அது திறந்திருக்கிறதா? இதுவே நமது கேள்வி.

சட்ட உதவி இந்நாட்டில் இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி அரசாங்கமே ஓர் இலாகா நடத்துகிறது. 'ஜாபாத்தான் பந்துவான் குவாமான்' என்று கேட்டால் தெரியும். மணவிலக்கு, ஜீவனாம்சம், இறந்தவர் சொத்து போன்ற விவகாரங்களில், வருமானத்தைப் பார்த்து, சொற்பச் செலவில் அது துணை நிற்கிறது. வழக்கறிஞர் மன்றத்தாரும் தங்கள் சந்தாப் பணத்தில் சட்ட உதவி நிலையங்களை நடத்துகிறார்கள். 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், போலீசாரிடம் பிடிபட்ட ஏழைக்கு வழக்கறிஞரைத் தருகிறது.

இத்தனையும் இருந்தும் நம்மவன் யாரிடம் போகிறான்? தரகனிடம்! பாரம் எழுத ஒரு காசு, 'பெரிய இடத்தில்' பேச ஒரு காசு என்று பறிகொடுத்து, கடைசியில் வட்டிக்காரன் காலில் விழுகிறான்.

"உதவி இருக்கிறது, தொழிலாளிதான் தேடிப் போவதில்லை" என்று சில கனவான்கள் பழி சுமத்துகிறார்கள். கேட்கிறோம்: இலாகா திறந்திருப்பது வேலை நாளில். அன்று பெரட்டுக்கு நிற்காவிட்டால் சம்பளம் யார் தருவது? பஸ் செலவை யார் கொடுப்பது? மலாய் பாரத்தைத் தமிழில் யார் விளக்குவது? எட்டாத கனியைக் காட்டிவிட்டு, பசித்தவனைச் சோம்பேறி என்பது நியாயமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த அறநிறுவனம் குடிமக்களுக்கென்று அமைக்கப்பட்டது. இந்த மண்ணிலே பிறந்து, ரப்பருக்கே உழைத்து நரைத்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கும் முதியவர் எங்கே போவார்?

தெரியாமையால் நாம் இழப்பது கொஞ்சமா? நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவன், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டணமில்லை, அந்த மனுவுக்கு வக்கீலும் தேவையில்லை. "துரையிடம் பேசிப் பார்க்கிறேன், பொறு" என்ற கிராணியின் பேச்சை நம்பி 61-ஆவது நாள் வந்தால் உரிமை போயிற்று!

தோட்டத்தை விற்று ஆட்குறைப்பு நடந்தால், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளமாவது தர வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. 20 ஆண்டு உழைத்தவனுக்கு 400 நாள் சம்பளம்! இதை அறியாதவன், நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தால் லாபம் யாருக்கு? சம்பளப் பாக்கியா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 69-ஆவது பிரிவின்படி தொழிலாளர் இலாகாவே விசாரிக்கும். பிள்ளையைப் போலீசார் பிடித்தார்களா? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையும் உண்டு. அரசியல் சாசனத்தின் 5-ஆவது விதி சொல்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். சட்ட உதவி அதிகாரிகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரட்டும்; கோவில் திடலோ தமிழ்ப் பள்ளியோ போதும். பாரங்கள் தமிழிலும் வரட்டும். சிவப்புக் கார்டுக்காரருக்கும் கதவு திறக்கட்டும்.

நமக்கும் கடமை உண்டு. கிளைச் செயலாளர்களே! வேலைநீக்கக் கடிதத்தின் தேதியை அன்றே குறித்து வையுங்கள். தொழிலாளத் தோழர்களே! புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். முதலில் சங்கத்தைக் கேளுங்கள். தரகனுக்கு ஒரு சல்லியும் கொடாதீர்கள்.

சட்ட உதவிக்கு ஆகும் அரசாங்கப் பணத்தில் நம் வியர்வையும் கலந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கக் கூச்சம் எதற்கு? ஒன்றுபட்டுக் கேளுங்கள்!