சென்னை கண்ட கிருமியும் கல்கத்தா சமைத்த கண்ணும்

வெள்ளி வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் வளரும் பையன்களுக்குப் பூதக்கண்ணாடி புதிதன்று. கொலுசு செய்பவரின் மகன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: "ஸார், கண்ணாடிமேல் கண்ணாடியாக அடுக்கிக்கொண்டே போனால், எவ்வளவு சிறியதையும் பார்த்துவிடலாம் அல்லவா?"

முடியாது என்றேன். கொலுசின் நுண்ணிய வேலைப்பாட்டைத் தடித்த விரலால் தடவி அறிய இயலுமா? ஊசிமுனை வேண்டும். ஒளியும் அத்தகைய தடித்த விரலே. ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நுட்பங்களை அது பிரித்துக் காட்டுவதில்லை.

இது வெறும் ஏட்டு விஷயமன்று, நேயர்களே! காலா அஸார் என்னும் காய்ச்சல் மண்ணீரலை வீங்கச் செய்து, சிகிச்சையின்றி விட்டால் உயிரையே குடிக்கும். அதன் கிருமியை 1903-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து லீஷ்மனும், சென்னையிலிருந்து டானவனும் உலகுக்கு அறிவித்தார்கள். இருவர் பெயரையும் அக்கிருமி இன்றும் தாங்கி நிற்கிறது. ஆயினும் அன்று புற உருவம் தெரிந்ததேயன்றி, உள்ளமைப்பின் நுட்பம் விளங்கவில்லை.

1931-இல் ஜெர்மனியில் க்னோலும் ரஸ்காவும் அந்த ஊசிமுனையைக் கண்டனர். ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை. கண்ணாடி வில்லைக்குப் பதில் மின்காந்தச் சுருள். 1934-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் மார்ட்டன் என்பவர் தாவரத் திசுவை அவ்விதம் படம் பிடித்தார். பின்னர் அமெரிக்கா சென்ற அவரிடம், மேகநாத ஸாஹாவின் ஊக்கத்தால், நீரஜ்நாத் தாஸ்குப்தா பயின்றார். தாயகம் திரும்பி, 1940-களின் பிற்பகுதியில் கல்கத்தாவிலேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒன்றை அமைத்தார். 1954-இல் அவரும் உடன் உழைத்தோரும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்ட காலா அஸார் கிருமியின் அமைப்பை வெளியிட்டனர். சென்னையில் தொடங்கிய பார்வை கல்கத்தாவில் கூர்மை பெற்றது.

குறையும் இருந்தது. காற்றற்ற குழாயில் வைப்பதால் உயிரணு உலர்ந்துவிடும். 1980-களில் டுபோஷே, பனிக்கட்டிப் படிகம் உண்டாகாதபடி நீரைக் கணத்தில் உறையச் செய்யும் முறையை வகுத்தபின் அக்குறையும் பெரிதும் தீர்ந்தது. அவருக்கும் வேறிருவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பையன் விடவில்லை. "தாஸ்குப்தா அந்த யந்திரத்தை விலைக்கு வாங்கியிருக்கலாமே, ஸார்?"

"வாங்கியிருக்கலாம், அமெரிக்காவில் அப்போதே விற்றார்கள். ஆனால் வாங்கியவனுக்கு யந்திரம் மட்டுமே சொந்தம். செய்தவனுக்கு அதன் வித்தையும் சொந்தம். உன் தகப்பனாரைக் கேட்டுப் பார்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.