கட்டம் போட்டுப் பெருக்கட்டும் பிள்ளைகள்

47-ஐ 36-ஆல் பெருக்கப் பெரும்பாலான வகுப்பறைகள் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. 'ஆறேழு நாற்பத்திரண்டு, 2 போட்டு 4 மனதில்' என்று தொடங்கி, அடுத்த வரியை ஓரிடம் தள்ளி எழுத வேண்டும். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகூட மனதில் வைத்த 4-ஐ மறந்தால் விடை தப்பிவிடும். இந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தாக ஒரு பழைய முறை இருக்கிறது. கட்டம் போட்டுப் பெருக்கும் 'லாட்டிஸ்' முறையைத் தொடக்கப் பள்ளியிலேயே, அதன் காரணத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

நான்கு கட்டங்கள் வரைந்து, மேலே 4, 7 என்றும் வலப்பக்கம் 3, 6 என்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சாய்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. அந்தந்த இலக்கங்களின் பெருக்கற்பலனைக் கட்டத்துக்குள் எழுதினால் மேல் வரிசையில் 12, 21. கீழ் வரிசையில் 24, 42. கோட்டுக்கு மேலே பத்துகள், கீழே ஒன்றுகள். பிறகு வலது கீழ்மூலையிலிருந்து சாய்வாகக் கூட்டினால் 2, 9, 6, 1. விடை 1692. பெருக்கும்போது மனதில் வைக்க எதுவும் இல்லை. கூட்டல் தனியாக, கடைசியில்தான் வருகிறது. பிழை நேர்ந்தால் அது எந்தக் கட்டத்தில் என்று ஆசிரியர் விரல் வைத்துக் காட்டலாம்.

இது நேற்று முளைத்த உத்தி அல்ல. 1478-இல் இத்தாலியின் ட்ரெவிசோ நகரில் வணிகம் பழகுவோருக்காக அச்சான கணக்குப் புத்தகத்தில் இது இருக்கிறது. பாஸ்கரரின் லீலாவதி என்ற கணித நூலுக்கு 1545-இல் கணேச தைவஞ்ஞர் எழுதிய உரையில் இதன் பெயர் கபாடசந்தி. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1617-இல் வெளியிட்ட பெருக்கல் குச்சிகளும் இதே சாய்வுக் கூட்டலில்தான் இயங்குகின்றன.

எதிர்ப்பும் உண்டு. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'எவ்ரிடே மேத்தமேட்டிக்ஸ்' பாடத்திட்டம் இம்முறையைக் கற்பித்தபோது, பிள்ளைகள் கட்டம் வரைந்தே பொழுதைக் கழிக்கிறார்கள், வழக்கமான பெருக்கல் கைவரவில்லை என்று பெற்றோர் பலர் கொதித்தார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 4 என்பது இங்கே 40 என்று தெரியாமல் கட்டங்களை நிரப்பும் குழந்தை கணிதம் கற்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுதும் குழந்தையும் அதே நிலையில்தான் இருக்கிறது. குறை கற்பிக்கும் விதத்தில் இருக்க, பழியைக் கட்டத்தின் மேல் போடுவது சரியல்ல.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் 40-ஐயும் 7-ஐயும், 30-ஐயும் 6-ஐயும் பிரித்துப் பெருக்கி 1200, 210, 240, 42 என்று பிள்ளைகள் எழுதட்டும். அடுத்து லாட்டிஸ் கட்டம். அங்கே, 21-இன் ஒன்றும் 24-இன் நான்கும் 42-இன் நான்கும் ஏன் ஒரே சாய்வில் விழுகின்றன என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அவை மூன்றும் பத்துகள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்த பிறகு வழக்கமான முறைக்குப் போகலாம். மூன்று இலக்க எண்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்பது கட்டம் வரைவது நேரம் தின்னும் என்பதால், வழக்கமான முறையிலும் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி வேண்டும்.

பயிற்சி நிறுவனங்கள் இடமதிப்புப் பாடத்தோடு சேர்த்து ஆசிரியர்களுக்கு லாட்டிஸ் முறையைப் பழக்க வேண்டும். தேர்வுத்தாளில் கட்டம் போட்டுச் சரியான விடை கண்ட பிள்ளைக்கு, கேள்வி குறிப்பிட்ட ஒரு முறையைக் கேட்காதவரை, முழு மதிப்பெண் தர வேண்டும்.