கால் எரிச்சல் என்று சொன்னவர்

எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு 52 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை. தாம்பத்தியத்தில் ஏற்பட்டுள்ள சிரமத்தை இந்த முறை மருத்துவரிடம் சொல்லிவிடுவது என்று பேருந்தில் வரும்போதே வார்த்தைகளைத் தேடி வைத்துக்கொண்டார். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தால், அடுத்த நோயாளி ஓ.பி. சீட்டும் கையுமாக அவர் தோளை உரசி நிற்கிறார். "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று மருத்துவர் கேட்டார். "கால் கொஞ்சம் எரியுது டாக்டர்" என்றார் இவர். இல்லாத எரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மிடம் புழங்கும் சொல்லே 'ஆண்மைக் குறைவு' என்பதுதான். ஆண்மை என்றால் வீரம், ஆளுமை என்று கேட்டு வளர்ந்த ஒருவர், அது தன்னிடம் குறைந்துவிட்டது என்று எப்படி வாய் திறப்பார்? அதனால்தான் 'நரம்புத் தளர்ச்சி' என்று சுற்றி வளைக்கிறோம். விறைப்புக் குறைபாடு என்று சொன்னால் அது உடம்பின் ஓர் இடத்து ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் மனதையும் பற்றிய பேச்சாகிவிடும். ஆளின் மதிப்பு அங்கே வராது.

ரத்த ஓட்டம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய்கள் 3, 4 மில்லிமீட்டர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை, கொழுப்பு எல்லாம் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும்போது சிறிய குழாய்தான் முதலில் திணறும். பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தச் சிரமம் தலைகாட்டிவிடுகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேர் இருக்கும் நாட்டில், இதயத்தைப் பற்றிய இப்படியொரு முன்னறிவிப்பை மென்று விழுங்குவது பெரிய இழப்பு.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வரிசை வாசல் வரை நிற்கிறது. கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம், மனைவியோ மகளோ உடன் வந்திருந்தால் இன்னும் அதிகம். ஆனாலும் பாதத்தில் புண் உண்டா, கண் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கும் பட்டியலில் இந்த ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி யாரையும் புண்படுத்தாது. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் கனிவாகப் பேசியபோது நம் மக்கள் கேள்வி கேட்கத்தானே செய்தார்கள்?

கேட்க ஆளில்லாத இடத்தை வேறு சிலர் நிரப்புகிறார்கள். லாட்ஜில் அறை எடுத்து, குறிப்பிட்ட தேதிகளில் வந்து போகும் வைத்தியர்களும் லேகியக்காரர்களும் வளர்வது இந்த மௌனத்தில்தான். இத்தகைய மருந்து விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அதற்காகச் சித்த மருத்துவத்தையே சந்தேகிப்பது முறையல்ல. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரும் முதலில் சர்க்கரையையும் கொதிப்பையும் பார்க்கத்தான் சொல்வார்.

மருந்துக் கடையில் கூச்சத்தோடு வாங்கும் மாத்திரையில் ஆபத்தே உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். சீட்டில்லாமல் கொடுக்க மறுக்கும் கடைக்காரர் நமக்கு நல்லதுதான் செய்கிறார். இன்னொன்று: கொதிப்பு மாத்திரையால்தான் இப்படி ஆனது என்று தானாகவே அதை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். சில மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு என்பது உண்மைதான். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம்.

ஆகவே பாதித் தூரம் நோயாளி வரட்டும், மீதியை மருத்துவமனை நடக்கட்டும். ஒரு திரைச்சீலை, ஒரு நேரத்தில் அறைக்குள் ஒரே நோயாளி, சீட்டு எழுதும் இடத்தில் "தனியாகப் பேச வேண்டுமா?" என்றொரு வரி. இதற்குப் பெரிய செலவில்லை. வீட்டில் மனைவியும் "என்னோட வாங்க, சேர்ந்தே கேப்போம்" என்று சொன்னால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

நான் சொன்ன அந்த மனிதர் அடுத்த மாதம் மறுபடி போனார். இந்த முறை வாய் திறக்கவில்லை. சர்க்கரை நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி நீட்டினார். மருத்துவர் படித்தார். பின்னால் நின்றவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எத்தனை மாசமா இருக்கு? காலையில எழும்போது எப்படி?" என்று கேட்டபடி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.