நின்றபடி ஓடும் இயந்திரம்



இத்திங்கள் நாம் எழுதப் புகுவது கார் இயந்திரத்தைப் பற்றி. பங்குத்தந்தைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓர் இரவு வரை நமக்கும் அவ்வாறே தோன்றியது.

நமது பங்கு இல்லத்தில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. வங்காளத்தின் உத்தர்பாராவில் அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே திங்களில் நின்றுவிட்டது. ஆயினும் பழைய காரை வைத்திருப்பது நாணத்தக்கதன்று. 2013-இல் இத்தாலியின் வெரோனாவைச் சார்ந்த குருவானவர் ரென்ஸோ சோக்கா, மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய தம் 1984-ஆம் ஆண்டு ரெனோ காரைத் திருத்தந்தை பிரான்சிசுக்கு அன்பளிப்பாக அளித்தார். திருத்தந்தையும் அதை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார். பழைய காரை வைத்திருந்தும் அதை அறியாதிருப்பதே குறை. அக்குறை நம்மிடம் இருந்தது.

ஒரு சாரல் காலத்தில் நமது கார், சந்தை நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அணைந்துபோகத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு ஸ்குரூவை முடுக்கிக் கொடுத்தார்கள். இயந்திரம் உறுமியது, அணையவில்லை. குணமாயிற்று என்று மகிழ்ந்தோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அணைந்தது. மீண்டும் முடுக்கச் செய்தோம். முதல் கியர் போடும்போது கரகரத்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் இயந்திரம் சில நொடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடியது. பெட்ரோல் செலவும் ஏறியது. இவற்றை நாம் பொருட்படுத்தவில்லை.

அந்நாள்களில் ஓர் இரவு, நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்க வருமாறு அழைப்பு வந்தது. கோயில்பிள்ளையுடன் உடனே புறப்பட்டோம். தென்காசிச் சாலையில் லாரி ஒன்று திரும்புவதற்காக நிறுத்தியபோது கார் அணைந்தது. எத்தனை முறை முயன்றும் எழவில்லை, பேட்டரியும் தளர்ந்துவிட்டது. அவ்வழியே வந்த இளைஞர்கள் கொட்டும் மழையில் தள்ளிவிட்ட பின்னரே புறப்பட்டது. நாம் வீட்டை அடைந்தபோது பெரியவரின் உயிர் பிரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இறந்தவருக்கு அத்திருவருட்சாதனம் வழங்கப்படுவதில்லை; இறந்தோருக்கான செபங்களையே சொன்னோம். அவருடைய துணைவியார், "நனைஞ்சிட்டியளே சாமி, முதல்ல தலையைத் துவட்டுங்க" என்று துண்டை நீட்டினார். அதை வாங்க நம் கை கூசியது.

மறுநாள் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் இயந்திரத்தை ஓடவிட்டுச் சற்று நேரம் செவிமடுத்தார். பின்னர், "யாரோ ஸ்குரூவை முடுக்கித்தான் விட்டிருக்காவ சாமி, வண்டியைப் பாக்கவே இல்ல" என்றார். கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட் வெடித்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பிளக்குகளில் கரி படிந்திருந்தது. பாயிண்ட் தேய்ந்திருந்தது. இவற்றையெல்லாம் சீர்செய்த பிறகே அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார். அன்று அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது இயந்திரம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் வேகத்தையே பட்டறையில் ஐடிலிங் என்பர். பழைய பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்றுகள். உங்கள் காரின் கைப்புத்தகத்தில் கண்ட எண்ணே உங்களுக்குரியது. அவ்வேளையில் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். மிகச் சிறிதளவு காற்றும் பெட்ரோலுமே உள்ளே செல்லும். ஆகவே எங்கேனும் சிறு கசிவு இருப்பினும் கலவை கெட்டு இயந்திரம் தடுமாறும். விரைந்து ஓடும்போது அதே கசிவு தெரியாது. ஓடும்போது மறைந்திருக்கும் பழுது, நிற்கும்போதுதான் வெளிப்படுகிறது.

சீர்செய்யும் முறை கடினமானதன்று. முதலில் காரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி இயந்திரத்தை நன்கு சூடேற்றுங்கள். சோக் முழுவதும் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஏர் பில்டர், பிளக், பாயிண்ட், ரப்பர்க் குழாய்கள் ஆகியவை சரியாயிருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பின்னரே ஸ்குரூக்களைத் தொட வேண்டும்.

பொதுவாக அவை இரண்டு. ஒன்று, கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைக் காப்பது. அதை முடுக்கினால் வேகம் கூடும். மற்றொன்று கலவைக்குரியது. கலவை ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். இயந்திரம் தடுமாறத் தொடங்கும். பின்னர் வெளியே திருகி, ஓட்டம் சீராகவும் விரைவாகவும் அமையும் இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் முதல் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். கலவை ஸ்குரூவை இறுக்கி முடுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். சில கார்புரேட்டர்களில் அமைப்பு வேறாக இருக்கும். அவற்றுக்குக் கைப்புத்தகமே வழிகாட்டி. இறுதியாக விளக்குகளை எரியவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு முறை மிதித்து விடுங்கள். இயந்திரம் அணையாமல் பழைய வேகத்துக்கே திரும்பினால் வேலை முடிந்தது. இன்றைய புதுக் கார்களில் இவ்வேகத்தைக் கணினியே காக்கிறது. அவற்றில் திருப்புளி வைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இவ்வேலையைத் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். அடைத்த கொட்டகையில் ஓடும் இயந்திரம் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆளை உணராமலே கொன்றுவிடும். குழந்தைகளையும் அருகில் விடாதீர்கள்.

அன்பு மக்களே, அந்த இரவை நினைக்கும்தோறும் பட்டறைக்காரரை மட்டும் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. மூன்று அடையாளங்களைக் கார் நமக்குக் காட்டியது. சத்தம் கூடியதை நலம் என்று எண்ணி, நாம்தான் மேலும் முடுக்கச் சொன்னோம்.

நம் இல்லங்களிலும் இது நடக்கிறது. வாரமெல்லாம் கடையும் வயலும் பள்ளியுமாக ஓடும்போது குறை ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிறு மாலை எல்லாரும் ஓரிடத்தில் அமர்ந்தவுடன் கணவன் மனைவிக்குள் கசப்பு எழுகிறது. பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உடனே தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம். ஆளுக்கொரு கைப்பேசியில் முகம் புதைக்கிறோம். வேறு வேலையைத் தேடி வெளியே போகிறோம். கசிவு எங்கே என்று எவரும் பார்ப்பதில்லை.

பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களை நம் ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னதை மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இம்மாதம் ஒவ்வொரு மாலையும் குடும்ப செபம் முடிந்தபின் பத்து நிமிடம் எழுந்து ஓடாமல் அமர்ந்திருங்கள். அப்போது தெரியவரும் குறையைக் கண்டு அஞ்சாதீர்கள்; அது தெரிவதே நன்மை. ஒருவர் மற்றவரைக் கேளுங்கள். திருத்த வேண்டியதைச் சிறிது சிறிதாகத் திருத்துங்கள்.

அப்பெரியவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக உங்கள் செபங்களில் ஒன்றை ஒப்புக்கொடுக்குமாறு வேண்டுகிறோம். இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.