குப்பை யார் தலையில?

எங்க சென்ட் லோரன்ட் அடுக்ககத்துக்குக் கீழே ஒரு பழுப்புக் குப்பைத்தொட்டி. மீந்த சோறு, பழத்தோல் எல்லாம் அதுல. இந்த மாதிரிக் கழிவை மக்க வைச்சு உரமாக்கற ஆலையும் இதே சென்ட் லோரன்ட்லதான் இருக்கு.

2011ல இதுக்காக நாலு இடத்தைக் காட்டி மொன்றியல்ல பொது விசாரணை நடந்துச்சு. சனங்களோட பெரிய கவலை ரெண்டு: நாத்தம், லாரி. ‘உரம் போடறதுக்குக் கூடவா எதிர்ப்பு?’ன்னு படிச்சப்போ சிரிச்சேன்.

நாலுல ஒண்ணு சென்ட் மிஷேல். அங்கே மிரோன் சுண்ணாம்புக்கல் குவாரிப் பள்ளத்துல 1968லேர்ந்து பல வருஷம் ஊர்க் குப்பையைக் கொட்டியிருக்காங்க. அதைச் சகிச்ச சனம் ‘இன்னொண்ணு வேணாம்’னா அது சுயநலமா? சிரிப்பு நின்னுடுச்சு.

ஏன்னா நம்ம வீடு கொடுங்கையூர். கிடங்கு புகைஞ்சா ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பரீட்சைக்குப் படிச்சவன் நான். 2025ல குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்கற ஆலை வேணாம்னு அங்கே மனிதச் சங்கிலி நின்னாங்க. ‘வளர்ச்சிக்கு எதிரிங்க’ன்னு நண்பன் ஒருத்தன் மெயில் அனுப்பினான். அவன் வீடு அடையாறு :)

என் கட்சி இதான்: ஆலை வேணும். எரிக்கறது வேற, மக்க வைக்கறது வேற. மூடின கட்டிடம், நாத்தத்தை வடிகட்டி விடற ஏற்பாடு எல்லாம் இருக்கட்டும். ஆனா ஏற்கெனவே சுமந்தவன் தலையிலேயே மறுபடி ஏத்தாதீங்க.

அம்மாகிட்ட போன்ல இந்த விசாரணைக் கதையைச் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டாங்க: “அங்கெல்லாம் முன்னாடியே கேப்பாங்களாடா?”

பதில் சொல்ல வரல. உங்களுக்கு வருதா?