எம்பும் உயரமும் எடுக்கும் புள்ளியும்

கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸுக்கு 30 வயதாகிவிட்டது, முன்புபோல் எம்ப முடியவில்லை, அதனால் கூடையடியில் புள்ளி எடுப்பதும் தேய்ந்துவிட்டது. 2014-15 பருவத்தில் பலரும் சொன்ன வாதம் இது. முந்தைய பருவத்தில் 56.7 சதவீதமாக இருந்த அவரது எறிதல் துல்லியம் 48.8-க்கு இறங்கியதே ஆதாரம்.

இந்த வாதம் நிற்காது என்பதற்கு மூன்று காரணங்கள். ஒன்று. அந்த எண்ணில் தூரத்து எறிதலும் கூடையடி எறிதலும் கலந்து கிடக்கின்றன. அதை வைத்துக் கூடையடியைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

இரண்டு. அந்தப் பருவத்தின் நடுவே முதுகு, முழங்கால் வலியால் இரண்டு வாரம் வெளியே இருந்தார். காயம் வேறு, மூப்பு வேறு.

மூன்றாவதுதான் முக்கியம். 2015-16-இல் அவரது மூன்று புள்ளி எறிதல் 30.9 சதவீதமாகச் சரிந்தது. மொத்தத் துல்லியமோ 52-க்கு ஏறியது. தூரத்தில் விட்டதை எங்கே பிடித்தார்? மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளேதான். அந்த ஆண்டு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஸ்கோர் 89-89, மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. எதிரணியின் இகுவோடலா கூடையடியில் லே-அப்புக்கு எழும்புகிறார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த லெப்ரான் பந்தைப் பலகையோடு சேர்த்து அறைகிறார். தளர்ந்த கால்களா அவை?

வயதானால் எம்பும் உயரம் குறையும், யார் மறுத்தார்கள்? உயரம் குறைந்தால் புள்ளியும் குறையும் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். தோளால் தடுப்பவரை ஒதுக்குவதும், பலகையில் பந்து படும் கோணமும், கடைசி அடியை அரை நொடி தாமதப்படுத்துவதும் குதிப்பில் அடங்காதவை.

30 வயதிலேயே தேய்ந்துவிட்டார் என்றார்கள்; 33 வயதை எட்டிய 2017-18 பருவத்தின் 82 ஆட்டங்களிலும் அவர் களமிறங்கினார்.